பாதிக்கு வெட்டிய கூடைகள்

வலது தோள் மேரிறோஸுக்கு முன்பே விழித்துவிட்டது. அலாரம் நாலே முக்காலுக்குத்தான். நாலு மணிக்கே மூட்டுக்குள் கரண்டியை விட்டுச் சுரண்டுவது போல வலி தொடங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்தவள் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி. தலைமுடியை வாரிக் கட்டக் கை மேலே போகவில்லை. ஒற்றைக் கையால் சுருட்டிக் கிளிப்பை மாட்டினாள்.

“தலை இழுக்கக் கை ஏலாது. பூவுக்குத் தண்ணி ஊத்த மட்டும் கை எழும்பும்,” என்றார் கணவர் பத்திநாதன், போர்வைக்குள் இருந்தபடி.

“பூ என்னைப் பார்த்துக் குறட்டை விடுறேல்லை. நீங்கள் படுங்கோ.”

ஐந்தரைக்குப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. ஆறு வகுப்பறை, இரண்டு நீட்டு நடை, எட்டுக் கழிவறை. மாப்பை இழுக்க இழுக்க வலி கழுத்துக்கு ஏறும். ‘மாப்பை விடு, இல்லாவிட்டால் ஒபரேசன்தான்’ என்று டொக்டர் மார்ச் மாதமே சொல்லிவிட்டார். விடுவதற்கு இன்னொன்று கையில் வேண்டுமே. அந்த இன்னொன்றைத்தான் அவள் இந்தக் கோடை முழுக்கக் கூடைகளில் வளர்த்துக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து எட்டரைக்கு ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் இறங்கினாள். றஜீனாவின் சாப்பாட்டுக்கடை முகப்பில் ஆறு தொங்குகூடைகள். மேல்மாடி யன்னல்களின் கீழே இரண்டு நீளப் பெட்டிகள். எட்டிலும் படர்ந்து தொங்கும் பெட்டூனியா. கத்தரிக்காய் நிறத்துப் பூக்கள். ஒரு முழத்துக்கு மேல் கீழே வழிந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களின் தலையில் தட்டும் அளவுக்கு வளர்ந்திருந்தன. வெள்ளைக்காரக் கிழவர்கள் நின்று படம் எடுத்தார்கள். பக்கத்து நகைக்கடைக்காரர், “அக்கா, எங்கட கடைக்கும் ரெண்டு தாங்கோவன், தங்கத்தை ஆரும் பாக்கினமில்லை, இதைத்தான் பாக்கினம்,” என்று ஒரு நாள் கேட்டிருந்தார்.

சும்மா வந்த பூ இல்லை. ஏப்ரலில் விரல் நீளக் கன்றுகளாக வாங்கித் தன் சமையலறை யன்னலோரம் வைத்தாள். நாலு இலை விட்டதும் நுனியைக் கிள்ளினாள். கிள்ளினால்தான் பக்கத்தால் வெடிக்கும். மே மாதம் முழுக்கக் காலையில் முற்றத்துக்குத் தூக்கி, பொழுதுபட உள்ளே தூக்கிக் குளிருக்குப் பழக்கினாள். வாடிய பூவைக் கிள்ளும்போது இதழை மட்டும் பிடுங்கினால் போதாது, அடியில் இருக்கும் பச்சைக் காயும் சேர்ந்து வர வேண்டும். காய் முற்றவிட்டால் செடி தன் வேலை முடிந்ததென்று பூப்பதை நிறுத்திவிடும். இலையெல்லாம் பிசின். கிள்ளி முடித்தால் விரல் ஒன்றோடொன்று ஒட்டும். சோப்புக்கும் போகாது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவள் விரலில் ஏறிய பிசின் அது.

ஏணியை விரித்து ஏறிக் கூடையின் அடியில் இடது உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். கனமில்லை. நேற்றைய வெயில் குடித்துவிட்டது. தண்ணீர் வாளியைத் தூக்கிய கணம் தோள் பளீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினாள்.

இன்னும் கொஞ்ச நாள்தான் என்று நினைத்தாள். பூங்காவிலிருந்து இந்தக் கிழமை கூப்பிடுவார்கள்.

பஸ்ஸில் பத்து நிமிடத் தூரத்தில் ஒரு பெரிய பூங்கா இருக்கிறது. அதற்குள் ஒரு கண்ணாடிக்கூடம். சுற்றுவட்டாரத்துத் தெருக்களில் தொங்கும் கூடைகளுக்கெல்லாம் கன்று அங்கேதான் வளர்கிறது. ஜூன் தொடக்கத்தில் அந்தக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்: ஆள் தேவை, நிரந்தர வேலை, செய்த வேலையை எங்கே பார்க்கலாம் என்று விண்ணப்பத்தில் குறிப்பிடவும். மேரிறோஸ் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். இடுப்பளவு உயரத்தில் நீட்டுக்கு மேசைகள். மேசையில் தட்டுத் தட்டாக நாற்று. தோளுக்கு மேல் கை உயர்த்த வேண்டிய வேலை ஒன்றுகூட அங்கே இல்லை. அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை.

முதலில் சொன்னது றஜீனாவுக்குத்தான். வேறு யாருக்குச் சொல்வாள்? ஹொலண்டில் ஒரே அகதி முகாம், பிறகு ஒரே கண்ணாடிக்கூடத்தில் வேலை. கடவுச்சீட்டுக் கிடைத்து லண்டனுக்கு வந்ததும் ஒரே வருடம். வயதில் மூன்று இளையவள், ‘றோசக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய மகள் றொஷானிக்கு மேரிறோஸ் பெரியம்மா. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கையில் ஏந்திக்கொண்டு நின்றவளும் மேரிறோஸ்தான்.

“என்ர கடை முகப்பில தூக்குங்கோ அக்கா,” என்றாள் றஜீனா. “உங்கட முத்தத்தில தொங்கினா ஆர் பாக்கிறது? பூனையோ?”

விண்ணப்பத்தை றொஷானி நிரப்பினாள். மேரிறோஸுக்கு டச்சில் சண்டை பிடிக்க வரும். ஆங்கிலத்தில் எழுத வராது. கடை மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு பிள்ளை கேட்கக் கேட்க, இவள் ஒரு மணி நேரம் சொன்னாள். எப்போது கிள்ளுவது, எப்போது தக்காளி உரம் கலந்து ஊற்றுவது, ஜூலை நடுவில் செடி கால் நீண்டு அடியில் மொட்டையாகும்போது கத்தரிக்கோலை எடுத்துப் பாதிக்கு வெட்டிவிட வேண்டும் என்பது வரை.

“பாதிக்கோ? பூவோட சேத்தோ?”

“பூவோடதான். பத்து நாள் அவலட்சணமாக் கிடக்கும். பிறகு பார், புதுசா வெடிக்கும். மனசு கேளாது, ஆனா வெட்டத்தான் வேணும். எழுது.”

“பெரியம்மா, நீங்கள் ஒரு யூனிவர்சிட்டி,” என்று றொஷானி சிரித்தாள்.

“பேர் போட்டிட்டியோ?”

“அது கடைசிப் பக்கத்தில வரும். நான் போடுறன்.”

இப்போது ஏணியில் நிற்கும்போது, கீழே யாரோ ‘குட் மோர்னிங்’ என்றார்கள். குட்டை முடியும் பச்சை ஜாக்கெட்டுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண். ஜாக்கெட்டில் பூங்காவின் சின்னம். கூப்பிடாமல் நேரிலேயே வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள் மேரிறோஸ். வாளியைப் படியில் வைத்துவிட்டு இறங்கினாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

அந்தப் பெண் தன் பெயர் ஹேஸல் என்றாள். கண்ணாடிக்கூடத்துக்குப் பொறுப்பாம். வேலைக்குப் போகும் வழியில் பார்க்க வந்தாளாம். கூடைகளை அண்ணாந்து பார்த்து, ஓர் இலையைத் திருப்பி, பச்சைக் காய் எங்காவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடி, இல்லை என்று கண்டு தலையாட்டினாள். தொழில் தெரிந்தவளின் பார்வை. மேரிறோஸ் தன் வாயில் ஆங்கில வசனத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஹேஸல் கேட்டாள்: “அருமையாக இருக்கிறது. நீங்கள் றொஷானிக்குத் தண்ணீர் ஊற்ற உதவி செய்கிறீர்களா?”

மேரிறோஸுக்கு விளங்கவில்லை. பெயரைத் தவறாகப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஹேஸல் தொடர்ந்தாள். றொஷானியின் விண்ணப்பம்தான் வந்ததிலேயே சிறந்ததாம். இந்த வயதில் இவ்வளவு தெரிந்த பிள்ளையைத் தான் கண்டதில்லையாம். சனிக்கிழமை பதினொரு மணிக்கு இங்கேயே வந்து அவளோடு பேசப் போகிறாளாம்.

மேரிறோஸ் திரும்பிக் கடைக் கண்ணாடிக்குள் பார்த்தாள். றஜீனா உள்ளே நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் பட்டதும் சட்டென்று குனிந்து, நிரம்பியிருந்த உப்புப் போத்தலுக்கு மேலும் உப்புப் போடத் தொடங்கினாள். உப்பு வழிந்து மேசையில் கொட்டியது.

அப்போது விளங்கியது.

“யெஸ்,” என்றாள் மேரிறோஸ் ஹேஸலிடம். “ஐ ஹெல்ப்.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு எத்தனையோ தரம் தன்னையே கேட்டாள். பயம் இல்லை. ஆங்கிலம் வராததும் இல்லை, ‘நோ’ என்று சொல்ல எவ்வளவு ஆங்கிலம் வேண்டும்? அது பழக்கம். றஜீனா மாட்டுப்படப் போகிறாள் என்று கண்டதும் இவள் முன்னால் போய் நின்றுவிடுவாள். ஹொலண்டில் பழகிய கெட்ட பழக்கம்.

அங்கே கண்ணாடிக்கூடத்தில் நட்டு முடித்த ஒவ்வொரு தட்டிலும் அவரவர் எண் போட்ட ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். மேரிறோஸ் 214. றஜீனா 231. மூன்று கிழமை தட்டுக் குறைந்தால் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி அடுத்த கிழமை கூப்பிடாது. ஒரு வசந்தத்தில் றஜீனாவின் வயிற்றில் றொஷானி. பெட்டூனியா இலையின் மணம் மூக்கில் ஏறியதும் வெற்றுச் சட்டிக்குள் சத்தி எடுப்பாள். எழும்பி நிற்க ஏலாது. மேரிறோஸ் தான் நட்ட தட்டில் பாதிக்கு 231ஐ ஒட்டினாள். பிள்ளை பிறக்கும் வரைக்கும் ஒட்டினாள். கடைசியில் பட்டியலில் குறைந்தது 214. நடவிலிருந்து எடுத்து அவளை ஏஜென்சி ஒரு குளிர்க்கிடங்குக்கு அனுப்பியது, தக்காளிப் பெட்டி தூக்க. இந்தத் தோள் அங்கே கெட்ட தோள்.

“இந்தக் கடனை நான் எப்பிடித் தீர்க்கப் போறன் அக்கா?” என்று றஜீனா அன்றைக்கு அழுதாள்.

“கடனோ? போடி விசரி,” என்றாள் இவள்.

ஹேஸல் போனதும் மேரிறோஸ் கடைக்குள் போய், நேரே குசினிக்குள் நுழைந்தாள். றஜீனா ரோல்ஸுக்குக் கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள்.

“தேத்தண்ணி போடட்டே அக்கா?”

“பேரை மாத்திப் போட்டது ஆர்? நீயோ, மகளோ?”

றஜீனா கிழங்கை மசிப்பதை நிறுத்தவில்லை. “சத்தம் போடாதேங்கோ. முன்னுக்கு ஆக்கள் இருக்கினம்.”

“ஆரெண்டு கேட்டனான்.”

“நான்தான் சொன்னனான். பிள்ளையில பிழையில்லை.” மசிக்கும் கட்டையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அக்கா, யோசிச்சுப் பாருங்கோ. உங்களுக்கு ஐம்பத்தாறு. இன்டர்வியூவில டச்சையும் இங்கிலீசையும் குழைச்சு அடிப்பியள். அவை உங்களை எடுக்கப் போறேல்லை. அவள் படிச்சுப் போட்டு ரெண்டு வருசமா கல்லாப்பெட்டிக்குப் பின்னால நிக்கிறாள். ராவில அழுறாள். ஒருத்தருக்கும் கிடையாமப் போறதை விட எங்கட வீட்டுக்குள்ள ஒருத்தருக்குக் கிடைச்சா நல்லதுதானே?”

“எங்கட வீடோ? உன்ர வீட்டில நான் எந்த அறையில இருக்கிறன்?”

“அப்பிடிக் கதையாதேங்கோ.”

“அவளுக்குப் பெட்டூனியாவையும் பீட்ரூட்டையும் வித்தியாசம் தெரியுமோடி?”

“நீங்கள் சொல்லிக் குடுப்பியள்தானே. பின்னால நிண்டு சொல்லிக் குடுங்கோ, அவள் செய்வாள்.”

மேரிறோஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் வெட்கம் இருந்தது. ஆனால் வெட்கத்தை விடப் பெரிதாக அவசரம் இருந்தது, காரியம் முடியும் வரைக்கும் இவள் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டுமே என்ற அவசரம்.

“திரும்பவும் 231ஐ ஒட்டச் சொல்லுறாய்.”

றஜீனா மசிக்கும் கட்டையைத் திரும்பக் கையில் எடுத்தாள். வாசலில் றொஷானி வந்து நின்றாள். “சொறி பெரியம்மா,” என்று தொடங்கினாள். “நான் அம்மாவிட்ட வேண்டாமெண்டுதான்...”

“வேண்டாமெண்டு சொல்லிச் சொல்லியே அனுப்பினியோ?” என்றாள் மேரிறோஸ். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. இவள் தாயின் பக்கம் திரும்பினாள். “சனிக்கிழமை அந்த மனிசி வரேக்க நீயே சொல்லு. கூடை வளர்த்தது றோசக்கா, விண்ணப்ப ஃபோமில பேர் பிழைச்சுப் போச்செண்டு சொல்லு. எனக்கு வேலை தராட்டிலும் பரவாயில்லை. என்ர வேலை என்ர பேரில இருக்க வேணும். அவ்வளவும்தான் கேக்கிறன்.”

“பாப்பம் அக்கா,” என்றாள் றஜீனா.

பின்னேரம் வாட்ஸ்அப்பில் அவளுடைய குரல் வந்தது. மேரிறோஸ் முற்றத்தில் நின்று கேட்டாள். “றோசக்கா, கோவத்தை விடுங்கோ. சனிக்கிழமைக்குப் பூ நல்லாத் தெரியவேணும். நாளைக்கு உரத்தை ஒரு பிடி கூடப் போட்டு ஊத்திவிடுங்கோ, என்ன?”

பத்திநாதனும் கேட்டார். கேட்டுவிட்டு, “கழுத்தில கால் வச்சுக்கொண்டு காலைப் பிடிச்சு விடச் சொல்லுறாள்,” என்றார். அன்றைக்கு அவர் வேறு பகிடி எதுவும் விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மேரிறோஸ் கத்தரிக்கோலோடு போனாள்.

ஒளித்துச் சொல்ல ஒன்றுமில்லை. வயிற்றெரிச்சலில்தான் போனாள். ஜூலை நடுப்பகுதி, வெட்டும் காலம்தான். ஆனால் சனிக்கிழமை கழித்தும் வெட்டியிருக்கலாம். நாளைக்கு அந்த மனிசி வந்து மொட்டைக் கூடையைப் பார்க்கட்டும், ‘ஏன் வெட்டினாய்’ என்று கேட்கட்டும், அந்தப் பிள்ளை திருதிருவென்று முழிக்கட்டும். அதை நினைத்துக்கொண்டுதான் ஏணியில் ஏறினாள்.

ஆனால் கை அவள் கோபத்தைக் கேட்கவில்லை. குதறிப்போட வந்த கை, ஒவ்வொரு தண்டாக எடுத்து, இலைக் கணுவுக்குச் சற்று மேலே, பாதி அளவில், சாய்வாக வெட்டியது. அழுகிய தண்டை அடியோடு எடுத்தது. ஆறு கூடையும் முடித்து, பக்கப் படியால் மாடிக்குப் போய் இரண்டு பெட்டியும் வெட்டி, கடைசியில் தக்காளி உரம் கலந்து அளவாக ஊற்றவும் செய்தது. நடைபாதை முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் குப்பை. தோள் எரிந்தது.

பத்து மணிக்குக் குசினி வேலை முடித்து வாசலுக்கு வந்த றஜீனா தலையில் கை வைத்தாள்.

“ஐயோ மாதாவே! என்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்? நீங்களும் ஒரு மனிசியோ? பெத்த பிள்ளை மாதிரி எண்டு சொல்லிச் சொல்லி அவளின்ர சோத்தில மண்ணைப் போட்டிட்டியளே!”

“ஃபோமில எழுதிக் கிடக்கு,” என்றாள் மேரிறோஸ். “வாசிச்சுப் பார்.” ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டு மணி அடித்தது. றஜீனா. கையில் இரண்டு சோற்றுப் பார்சல். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். படியிலேயே மேரிறோஸைக் கட்டிப் பிடித்தாள். வலது தோள் நசிந்தது.

“கிடைச்சிட்டுது அக்கா! திங்கட்கிழமை வரச் சொல்லிட்டினம். அந்த மனிசி கூடையைப் பாத்திட்டு என்ன சொன்னவ தெரியுமோ? மற்ற ஆக்கள் எல்லாம் பாக்க வாற நாளுக்குப் பூவைக் காட்டுவினமாம். றொஷானி செடியை யோசிச்சு வெட்டினவளாம். ஃபோமில எழுதின மாதிரியே ஒவ்வொரு வெட்டும் கணுவுக்கு மேலயாம். அங்கயே, நிண்ட நிலையில கையைக் குடுத்திட்டா!” மூச்சு வாங்கினாள். “நான் ஒரு விசரி, நேற்று உங்களை ஏசிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எவ்வளவு கோவம் இருந்தும் பிள்ளைக்கு நல்லதுக்குத்தான் செய்திருக்கிறியள்.”

மேரிறோஸ் தோளை விடுவித்துக்கொண்டாள். பெயரை எடுத்தது ஒரு பக்கம். இப்போது றஜீனா அவளுடைய கோபத்தையும் எடுத்துக்கொண்டாள். அதையும் உதவி என்று பெயர் மாற்றித் தன் வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

“சொன்னியோ?” என்று மட்டும் கேட்டாள்.

“என்ன அக்கா?”

“வளர்த்தது ஆரெண்டு.”

றஜீனாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. “சொல்ல இடம் வரேல்லை அக்கா. சந்தோசமா நிக்கிற நேரத்தில எப்பிடி... பிறகு ஒரு நாளைக்குச் சொல்லுறன்.”

பார்சலை வாங்காமல் மேரிறோஸ் கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து பத்திநாதனிடம், “காரை எடுங்கோ, என்ர கூடையைக் கழட்டிக்கொண்டு வரவேணும்,” என்றாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு எழும்பினார். அவரே ஏணியில் ஏறி ஆறையும் கழற்றினார். சுவரில் இறுக்கிய யன்னல் பெட்டிகள் இரண்டும் அங்கேயே நின்றுவிட்டன. றஜீனா கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தாள், வெளியே வரவில்லை.

அடுத்த நாள் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை. றஜீனாவின் குடும்பம் இவர்களுக்குச் சரியாக முன்னால் இருந்த வாங்கில் இருந்தது. சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. எல்லோரும் அக்கம்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். றஜீனாவும் திரும்பினாள்.

“சமாதானம் றோசக்கா.”

மேரிறோஸ் கைகூப்பவில்லை. “பேரைத் தந்திட்டுச் சமாதானத்தைத் தா,” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். றொஷானியின் முதுகு விறைத்தது. றஜீனா உதட்டைக் கடித்துக்கொண்டு பீடத்தின் பக்கம் திரும்பினாள். பூசை நடந்தது.

ஆகஸ்டில் ஆறு கூடைகளும் திரும்பப் பூத்தன, முந்தினதை விட அடர்த்தியாக. மேரிறோஸின் முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கம்பியில் தொங்கின. பார்ப்பதற்குப் பத்திநாதனும் பக்கத்து வீட்டுப் பூனையும்தான். அவள் இன்னும் ஐந்தரைக்குப் பள்ளிக்கூடத்தில் மாப் இழுக்கிறாள். விடுமுறை என்பதால் மேசை கதிரைகளைத் தூக்கி அடுக்கவும் சொல்லியிருக்கிறார்கள். ஒபரேசனுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. ஒரு நாள் றொஷானியிடமிருந்து படம் வந்தது: கண்ணாடிக்கூடத்து மேசையில் மஞ்சள் பிடித்த நாற்றுத் தட்டு. ‘பெரியம்மா, இதுக்கு என்ன செய்யிறது?’ பார்த்ததும் தெரிந்தது, தண்ணீர் கூடிப்போய் வேர் மூச்சு முட்டுகிறது. இரண்டு நாள் காயவிட்டால் எழும்பும். அவள் பதில் எழுதவில்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாடிய பூவைக் கிள்ளப் போனாள்.

ஹொலண்டில் ஒட்டிய தட்டுகள் அவளாகக் கொடுத்தவை. அவற்றை அவள் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. இது கொடுத்ததல்ல, எடுத்தது. றஜீனா அந்தப் பூங்காவுக்குப் போய், ஹேஸலுக்கு முன்னால் நின்று, “அந்தக் கூடைகளை வளர்த்ததும் வெட்டினதும் மேரிறோஸ்” என்று ஒரு வசனம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வசனம் றஜீனா மேரிறோஸுக்குத் தர வேண்டிய கடன். இன்றுவரை தரவில்லை.